மூன்றாம் தண்ணீர்

ஐம்பதைத் தொட்டவர்களே, லயத்து வீட்டில் பிறந்து இப்போது தாமான் குடியிருப்பில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பவர்களே, இது உங்களுக்கு. இளசுகள் படித்தால் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதில் எனக்கு நல்ல பெயர் கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொரோனா அடைப்பின்போது என் மகளின் வகுப்பாசிரியை ஒவ்வொரு புதன்கிழமையும் போன் செய்வார். பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அழுகை வருகிறதா, வந்தால் யாரிடம் சொல்கிறாய் என்று கேட்பார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நாமெல்லாம் வளரலயா லா? நம்மள யாரு கேட்டா?" என்று என் வீட்டுக்காரரிடம் கிண்டல் செய்தேன். ஒரு புதன் அந்த ஆசிரியை என்னையே போனுக்குக் கூப்பிட்டார். "உங்க மக அழுதா தடுக்காதீங்கம்மா. பக்கத்துல உக்காந்திருங்க, அது போதும்," என்றார். சரி டீச்சர் என்று வைத்துவிட்டு, அரிசி களையக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் பானை நிறைந்து வழிந்து ஓடுகிறது, நான் மூடாமல் நிற்கிறேன். என் பெரியம்மா மகள் ஞாபகத்துக்கு வந்துவிட்டாள்.

எங்கள் தோட்டம் கோலா சிலாங்கூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், இறங்கி மண்சாலையில் அரை மணி நேர நடை. எண்பதுகளின் தொடக்கம் அது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். ஆண்கள் குலை வெட்டுவார்கள், பெண்கள் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவார்கள். எங்கள் லயத்தில் எட்டு வீடு. ஆறாவது எங்களுடையது, ஏழாவது பெரியம்மாவுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர், அதுவும் கூரை வரை போகாது. அந்தப் பக்கம் கருவாடு வறுத்தால் இந்தப் பக்கம் சோறு கூட இறங்கும். அந்தப் பக்கம் தம்பி தும்மினால் இந்தப் பக்கம் என் அம்மா "நூறு" என்பாள்.

தம்பி என்றால் பெரியம்மாவின் மகன். நாலு வயசு. மூத்தவளை நான் அக்கா என்பேன். அவளுக்குப் பதினொன்று, எனக்கு ஒன்பது.

அக்கா சரியான வாயாடி. ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் அவளுக்கு அப்படியே வரும். பைப்படியில் வாளிகள் வரிசையாக இருக்கும்போது, இவள் சிமெந்துத் திட்டில் ஏறி நின்று, "இன்றைய முக்கியச் செய்திகள். ஐந்தாம் வீட்டில் காணாமல் போன கோழி, மூன்றாம் வீட்டுக் குழம்பில் இருப்பதாக நம்பப்படுகிறது," என்று வாசிப்பாள். மூன்றாம் வீட்டுக்காரி செருப்பைக் கழற்றுவாள். வேலை வாங்குகிற மண்டோர்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போவார். தம்பிக்கு அவள் ஒரு லோரி செய்து கொடுத்திருந்தாள். பால் டின்னை நசுக்கிப் பெட்டி, தேய்ந்த ஜப்பான் சிலிப்பரை வட்டமாக வெட்டிச் சக்கரம். அதை இழுத்துக்கொண்டு அவன் லயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போவான். அந்தச் சத்தம் வேலைக்குப் போய்க் களைத்து வந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்த வருஷம் மணல்வாரி அம்மை வந்தது. முதலில் ஆயாக்கொட்டகையில், வேலைக்குப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடத்தில், இரண்டு பிள்ளைகளுக்கு. பத்து நாளில் நாலு லயத்திலும் வேப்பிலை தொங்காத வாசல் இல்லை. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பிள்ளைகளை வெளியே விடவில்லை. விளையாட்டு இல்லை, ரேடியோ இல்லை, லயம் முழுக்க வேப்பிலை வாடும் வாசனை.

உங்களுக்குத் தெரியாததா, மணல்வாரி என்று வாயால் சொல்லக் கூடாது. அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், அழக் கூடாது. வந்திருப்பவள் விருந்தாளி, அவள் இருக்கிற வீட்டில் கண்ணீர் விட்டால் கோபித்துக்கொள்வாள். காய்ச்சல் விட்டு முத்து உதிர்ந்த பிறகு, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து, பிள்ளையை மணையில் உட்கார வைத்துத் தலைக்கு ஊற்றுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று தண்ணீர். மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் அம்மா இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். அப்புறம் தாளிக்கலாம், சிரிக்கலாம், அழலாம்.

எனக்கு முதலிலேயே வந்து, மூன்று தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. அக்காவுக்குக் கைப்பிள்ளையாக இருக்கும்போதே வந்து போயிற்று. அதனால் எங்கள் இரண்டு பேரைத்தான் வீட்டுக்கு வீடு போக விட்டார்கள். ஒரே வாரத்தில் அந்தப் பக்கம் தம்பி படுத்தான், இந்தப் பக்கம் என் தங்கச்சி படுத்தாள். அவளுக்கு இரண்டு வயசு.

தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெஸ்ஸர் சைக்கிளில் வருவார். தடித்த கண்ணாடி போட்ட குட்டை மனிதர். காலனித்துவக் காலத்துத் தோல் பை ஒன்றைத் தோளில் மாட்டியிருப்பார். யார் வாசலில் நின்றாலும் ஒரே பதில்தான்: "உள்ள வராதீங்கய்யா, அம்மா இருக்கா." அவர் சண்டை போட மாட்டார். ரோஸ் கலர் மருந்து பாட்டிலைப் படியில் வைத்துவிட்டுப் போவார். பாட்டில் படியிலேயே வெயிலில் காயும்.

ஐந்தாம் நாள் தம்பிக்கு மூச்சு வாங்கியது. டிரெஸ்ஸர் வாசலில் நின்றே எட்டிப் பார்த்தார். "நெஞ்சுல சளி கட்டிருச்சு. லோரிக்குச் சொல்றேன், ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிரலாம்," என்றார்.

"அம்மாவ லோரியில ஏத்துவீங்களா? நீங்க போங்கய்யா," என்றார் பெரியப்பா. மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகவே கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு மணி அடிக்கும் நேரத்தில் தம்பி போய்விட்டான். அக்கா மடியில்தான் படுத்திருந்தான். பெரியம்மா கூழ் கரைத்துக்கொண்டு வந்து பார்த்து, கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அக்கா வாயைத் திறந்தாள். முதல் சத்தம் வருவதற்குள் பெரியம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாத. பக்கத்து வீட்ல பிள்ள கெடக்கு. நீ அழுதா அதையும் கூட்டிட்டுப் போயிருவா. தண்ணி ஊத்தட்டும், அப்பறம் அழுதுக்கலாம்."

பெற்றவளே அழாமல் சொன்னாள். பலகைக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லாவற்றையும் கேட்டோம். என் அம்மா தங்கச்சியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீ போ. போயி அக்கா பக்கத்துல உக்காரு. அவ அழாமப் பாத்துக்க," என்றாள்.

நான் போனேன். இதைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்கு நெஞ்சு குலுங்கிக் குலுங்கி வந்தது. நான் என் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினேன். "தங்கச்சி செத்துரும்க்கா, அழாதக்கா," என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவள் பல் என் கையில் பட்டது. அவள் கடித்திருந்தால்கூட நான் எடுத்திருக்க மாட்டேன், அவ்வளவு பயம் எனக்கு. செத்தவனை நினைத்து இல்லை, என் தங்கச்சியை நினைத்து.

தம்பியை மஞ்சள் துணியில் சுற்றி, வேப்பிலை வைத்து, மேளம் இல்லாமல், ஒப்பாரி இல்லாமல் கொண்டு போய்ப் புதைத்தார்கள். சொந்தக்காரர்கள் வந்தார்கள், திண்டாடி நின்றார்கள், போனார்கள். போகும்போது ஒவ்வொருவரும் அக்காவின் கன்னத்தைத் தடவி, "நல்ல பிள்ள, ஒரு சொட்டு கண்ணீர் விடல பாரு," என்றார்கள். பாராட்டு மழைதான் போங்கள். நானும் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டேன். காவல் இருந்தவள் நான் அல்லவா.

தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அப்பா கோயிலுக்குத் தேங்காய் எடுத்துப் போனார். முதல் தண்ணீர் ஊற்றினார்கள். அன்று மத்தியானம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா மெல்லக் கேட்டாள்.

"எங்க வீட்ல எப்ப தண்ணி ஊத்துவாங்க?"

நான் அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா வேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். "செத்த பிள்ளைக்கு எங்கடி ஊத்துறது? வாயக் கழுவு," என்றாள். இதைப் போய் அக்காவிடம் எப்படிச் சொல்வது? சுவரருகே வந்து, "வர்ற செவ்வாக்கிழமைக்கா," என்றேன். செவ்வாய்க்கிழமை தங்கச்சிக்கு மூன்றாம் தண்ணீர். வாயில் வந்த கிழமையைச் சொன்னேன், அவ்வளவுதான். அதுவரைக்கும் அவள் அழாமல் இருப்பாள் என்றும் ஒரு கணக்கு உள்ளே ஓடியது. ஒன்பது வயசுக்கு என்ன தெரியும் என்று சொல்லாதீர்கள். ஒன்பது வயசுக்குத் தன் வீட்டுப் பிள்ளை முக்கியம் என்று நன்றாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பின்வாசலில் அம்மா தங்கச்சிக்கு மூன்றாம் தண்ணீரை ஊற்றினாள். தங்கச்சி சிரித்துக்கொண்டு சிமெந்தைத் தட்டினாள். அப்போது அக்கா வந்தாள். தோளில் துண்டு, கையில் மணை. சடையை அவிழ்த்துவிட்டிருந்தாள். தங்கச்சிக்குப் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு?" என்றாள்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒனக்கு எதுக்குடி? ஒனக்குத்தான் இப்ப அம்மா வரலியே," என்று சிரித்தாள். மீதித் தண்ணீரை வாழை மரத்தில் கொட்டிவிட்டுத் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அக்கா கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மணையை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது, அவள் போகவில்லை. சோறு வைத்தால் நாலு பருக்கை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள், கண் மட்டும் திறந்திருக்கும். கவனித்தவர் டிரெஸ்ஸர் ஒருவர்தான். என்னைப் பைப்படியில் பிடித்தார்.

"ஒங்கக்கா சாப்புடுறாளா?"

"சாப்புடுறாங்க சார்."

"தூங்குறாளா? ராத்திரில எந்திரிச்சு உக்காருறாளா? அழுறாளா?"

"அழவே மாட்டாங்க சார். நல்ல பிள்ள," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். நேரே பெரியம்மா வீட்டுக்குப் போய், இந்த முறை படி ஏறி உள்ளேயே போய்விட்டார். "இந்தப் பிள்ளய அழ விடுங்கம்மா. அவன் பேரச் சொல்லிப் பேசுங்க. நீங்களும் அழுங்க. இல்லன்னா மனசப் பாக்குற டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

பெரியப்பா எழுந்து நின்றார். "எம்பிள்ளய தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பாக்குறியா?" மரியாதை அன்றைக்குப் போய்விட்டது. நம் காலத்தில் மனசு டாக்டர் என்றால் அந்த ஊர்தான், அந்த ஊர் என்றால் பைத்தியம்தான். லயமே கூடிவிட்டது. டிரெஸ்ஸர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நின்றார். நான் சொல்லியிருக்கலாம். அவ தண்ணிக்காகக் காத்திருக்கா சார் என்று நாலு வார்த்தை. பொய் சொன்னது தெரிந்துவிடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முதலில் மூன்றாம் வீட்டுக்காரிதான் சொன்னாள், செருப்பைக் கழற்றுவாளே, அவள். "கூடப் பொறந்தவன் மடியில செத்திருக்கான், கண்ணு கலங்கலயே. பேசல, திங்கல. இது மனுசப் பிள்ளையா? ஆத்தா எறங்காம இவ மேலயே தங்கிட்டா." அடுத்த வாரம் யாரோ அக்கா கையில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அதற்கடுத்த வாரம் மஞ்சள் சேலை கட்டினார்கள். பதினொரு வயசுப் பிள்ளைக்கு ஆறு கஜம் சேலை, இடுப்பில் பாதி மூட்டையாக நின்றது. அந்த நேரத்தில் மணல்வாரியும் தானாகவே ஓய்ந்தது. அதுவும் அவள் கணக்கில் சேர்ந்தது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். குடிக்கிற பெரியப்பா குடியை விட்டார். பெரியம்மா வீடு மெழுகி வைத்தாள். மகன் போன வீட்டுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதை யார் விடுவார்கள்? அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல எனக்கு வாயும் இல்லை.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. லோரியில் சாமான் ஏற்றும்போது அக்கா ஜன்னலருகே நின்றாள். அம்மா அவள் காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னாள். நானும் கும்பிட்டேன். போன வருஷம் பைப்படியில் என்னோடு சண்டை போட்டு வாளியைக் கவிழ்த்தவள் அவள். கால் பெருவிரலில் அந்த வாளி பட்ட தழும்பு இருந்தது.

அப்புறம் நான் போகவே இல்லை. கல்யாணம், பிள்ளை, வேலை என்று ஆயிரம் காரணம், எல்லாம் சாக்கு. தோட்டத்தை விற்று லயத்தை இடித்தார்கள் என்றும், பெரியப்பா போய்ச் சேர்ந்தார் என்றும், பெரியம்மாவும் அக்காவும் சுங்கை ஆயர் தாவாரில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள் என்றும் கல்யாண வீடுகளில் கேள்விப்படுவேன். "சாமியக்கா" என்பார்கள். குறி கேட்டால் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை சொல்வாளாம், மற்றபடி பேச மாட்டாளாம். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அடைப்பு நீங்கி, மாவட்டம் விட்டு மாவட்டம் போகலாம் என்று அறிவித்த முதல் வாரம் நான் பஸ் ஏறினேன். ஒரு பையில் வேப்பிலையும் மஞ்சளும் வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் எனக்குத்தான் ஏதோ வியாதி என்று இடம் மாறிக்கொண்டார்.

வரிசை வீடு. கதவு திறந்தே இருந்தது. பெரியம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். "கொரோனாவுல யாரும் வரல. அவளுக்கும் ஓய்வு," என்றாள். சாமி அறையில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். நரைத்த முடி, அதே மஞ்சள் நிறத்தில் சேலை. படங்களுக்கு நடுவே, குங்குமம் வைத்து, பூ போட்டு, ஒரு பால் டின் லோரி. வருகிறவர்கள் அதையும் தொட்டுக் கும்பிட்டிருப்பார்கள் போல, முன்பக்கம் தேய்ந்து பளபளத்தது.

நான் கும்பிடவில்லை. "அக்கா, செவ்வாக்கிழமைன்னு பொய் சொன்னேன்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு மணையிலிருந்து பார்த்த அதே பார்வை. பிறகு கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். ஒன்றும் கேட்காமல் பின்பக்கம் போனாள், கொடியில் கிடந்த துண்டை எடுத்தாள், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். நாற்பது வருஷத்துக்குப் பக்கம் ஆகிறது. நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடேறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றெல்லாம் காத்திருக்க என்னால் முடியாது. ஒன்று ஊற்றினேன். இரண்டு ஊற்றினேன். மூன்றாவதைத் தூக்கும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒன் தங்கச்சி?"

குரல் கரகரத்துப் போயிருந்தது. "நல்லாருக்காக்கா. மூணு பிள்ளைங்க. ரவாங்லதான் இருக்கா," என்றேன்.

"சரி," என்று கையை விட்டாள்.

மூன்றாம் தண்ணீரை ஊற்றினேன். முகத்தில் ஒட்டிய வேப்பிலையை எடுத்துவிட்டேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். காத்திருந்தோம். பக்கத்து வீட்டுக் குழாயில் யாரோ தண்ணீர் பிடித்தார்கள். அவள் நெஞ்சு ஒரு தரம் ஏறி இறங்கியது. "வரல," என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. அந்த ஈரச் சிமெந்திலேயே உட்கார்ந்து, ஐம்பது வயசுப் பொம்பளை, வாய் விட்டு அழுதேன். அக்கா பதறிப் போனாள். மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து வந்து, உள்ளங்கையால் என் வாயை இறுக்கிப் பொத்தினாள்.

"சத்தம் போடாத. பக்கத்து வீட்ல பிள்ளைங்க இருக்கு," என்றாள்.